புயல் இல்லாத மாலை

வாசிப்பின் மூன்றாம் பகுதியின் நடுவில், கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், இடி இடித்தது.

பல்தாசர் ஓடர்மாட் முதலில் தன் கால்களைத்தான் சந்தேகப்பட்டார். பதினோரு கோடைகாலமாக, மாலைதோறும் ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியத்தின் மிதிகட்டைகள் மேல் பரப்பி வைத்து இடி உண்டாக்கிய கால்கள். பழக்கதோஷத்தில் எதையாவது மிதித்திருக்கும்.

கால்கள் ஒழுங்காகத்தான் இருந்தன.

இடித்தது வானம்.

ஏரிக்கரையிலிருந்த அந்தச் சுவிஸ் நகரத்துக்கு வெளியூர்க்காரர்கள் நீராவிப் படகேறி வருவது பனிமலையைப் பார்க்க, ஓடர்மாட்டின் புயலைக் கேட்க. மலையை மேகம் மறைத்துவிடும் நாட்களில் புயல் மட்டும்தான். மேய்ப்பன் குழல் ஊதுவான், காற்று கிளம்பும், இடி விழும், கடைசியில் துறவிகள் நன்றி சொல்லிப் பாடுவார்கள். அத்தனையும் பெரிய கிறிஸ்தவக் கோயிலின் ஆர்கனில், நகர மன்றம் சம்பளம் கொடுக்கும் ஒரே ஆளின் கைகாலில். ஆங்கிலேயச் சீமாட்டிகள், மயங்கி விழ வசதியாக, ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குவார்கள்.

ஓடர்மாட்டோ தன்னை ஓர் இசையமைப்பாளர் என்று நம்பினார். முகவரி அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார். தலைமுடியையும் அதற்கேற்ப வளர்த்திருந்தார். வருடக்கணக்கில் உழைத்து நான்கு பகுதிகளில் சொனாட்டா என்ற இசைக்கோவை ஒன்றை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு நகர மன்றத்தின் முன்னால் போய் நின்றார்.

முடிவு மெல்க்கியோர் ஷூர்மன் கையில் இருந்தது. மன்ற உறுப்பினர், ஏரியைப் பார்த்த பெரிய ஹோட்டலும் அவருடையதுதான்.

"ஒரே ஒரு சாயங்காலம் உங்க சரக்கை வாசிங்க மாஸ்டர். ஜனங்க சந்தோஷமா எழுந்து போனா, புயலை அதோட விட்டுடலாம். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனா, நீங்க கண்ணை மூடுற வரைக்கும் புயல்தான். சரியா?"

அந்த ஒரே சாயங்காலம் இதுதான்.

ஓடர்மாட் வாசிப்பை இன்னும் மென்மையாக்கினார். மேதைமையின் முன்னால் வானம் வெட்கப்பட்டு அடங்கும் என்று ஓர் எண்ணம்.

அடங்கவில்லை. ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் புனிதர்கள் பளிச்சென்று எரிந்து அணைந்தார்கள். கீழே ஒரு சீமாட்டி "ஓ!" என்றாள். அந்த "ஓ" அவருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாகக் கேட்டது.

நான்காம் பகுதிக்கு வந்தபோது கோபம் தலைக்கேறி, இருக்கிற குழல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். இடியும் சளைக்கவில்லை. இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாக முடித்தார்கள்.

கோயிலுக்குள் கைதட்டுவது அந்த ஊரில் வழக்கமில்லை. இருமுவார்கள், தொப்பியைத் தேடுவார்கள், கலைந்து போவார்கள், அதுதான் பாராட்டு. அன்று தட்டினார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்று தட்டினார்கள்.

ஓடர்மாட்டின் கண்கள் நிறைந்துவிட்டன. கடைசியில் புரிந்துகொண்டார்களே என்று நினைத்தார்.

ஷூர்மன் மூச்சிரைக்கப் படியேறி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"அடேயப்பா! புயல் இல்லேன்னு சொல்லிட்டு இப்படி ஒரு புயலா? பலே ஆளய்யா நீங்க! ஜன்னல்ல மின்னலுக்கு யாரை விளக்கைப் பிடிக்க வெச்சீங்க? நாளையிலேருந்து இதேதான், எதையும் மாத்தாதீங்க. ஒண்ணே ஒண்ணு... இடிக்கும் இடிக்கும் நடுவுல என்னமோ இழு இழுன்னு இழுத்தீங்களே மாஸ்டர், அதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

இடித்தது வானம் என்று சொல்ல ஓடர்மாட் வாயைத் திறந்தார்.

கீழே கைதட்டல் ஓயவில்லை. இப்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆரம்பித்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டார். ஆர்கன் மாடத்தின் கைப்பிடிச் சுவர் வரை நடந்தார். முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி விளிம்பில் ஊன்றி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

கூரைக்கு மேலே இன்னோர் இடி உருண்டது.

கைதட்டல் இரண்டு மடங்கானது.