தண்டவாள வாள்

செகி ஊரில் வாள்களுக்கு மெருகேற்றும் ஒதோகிச்சி அன்று மதியம் இரண்டு வாள்களை வெள்ளைத் துணியில் அருகருகே கிடத்தினார். அவற்றில் ஒன்றைத்தான் கோயிலுக்குக் காணிக்கையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறைபோல் வளைந்திருந்த ஒன்று, கொல்லர் யசுஜி ஆற்றின் இரும்பு மணலை உருக்கி அடித்தது. வளைவு குறைந்த மற்றது, புதிதாக வந்த ஒரு கொல்லன் மலை ரயில்பாதையின் பழைய தண்டவாளத்தை வெட்டி அடித்தது.

"ரயில் ஓடின இரும்பைக் கொண்டாந்து என் வாளுக்குப் பக்கத்துல வைக்கிறீங்களே அண்ணே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்றார் யசுஜி.

"முதல்ல பாரு, அப்புறம் ஏசு. அந்த மலைப்பாதையில ரயில் நின்னு எத்தனையோ வருஷமாச்சு."

யசுஜி குனிந்தார். அவருடைய வாளில் மரவரி போல, இரும்பை மடித்து மடித்து அடித்த ரேகைகள் ஓடின. தண்டவாள வாளில் ரேகையே இல்லை. கூர்விளிம்பை ஒட்டி வெண்பனி போல, சூட்டிரும்பை நீரில் பதமிடும்போது விழும் பதக்கோடு மட்டும் படர்ந்திருந்தது.

"பாத்தீங்களா, மொட்டையா..." என்று அவர் தொடங்கும்போதே அந்த வாள் மெல்ல அதிர்ந்தது. அவருடையது எள்ளளவும் அசையவில்லை. மெருகுக்கல்லை நனைக்கும் தொட்டியில் தண்ணீர் நடுங்கியது. அறையில் கரிப்புகை மணத்தது.

இருவரும் காலை மடக்கிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பதக்கோட்டின் பனிக்குள் விளக்கெரியும் சின்னச் சின்ன ஜன்னல்கள் பிடியிலிருந்து நுனிக்கு வரிசையாக ஓடின. ரயிலைக் கண்ட பிள்ளையைப் போல யசுஜியின் கை தானாக எழுந்து அசைந்தது.

கடைசி ஜன்னலிலிருந்து யாரோ பதிலுக்குக் கையசைத்தார்கள்.