பார்படாஸுக்குப் போகும் அப்பா

நிர்வாக இயக்குநர் பூபாலன் வீட்டையும் கம்பெனி மாதிரியே நடத்துகிறவர். ஆகவே பார்படாஸ் சுற்றுலாத் திட்டத்தைக் கூடத்துச் சுவரில் படம் படமாக ஓட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கினார். நீலக் கடல், ஆமைகளோடு நீச்சல், படகுச் சவாரி. கடைசிப் படத்தில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு: "இந்த முறை நானே நேரில்!"

இத்தனை வருடமும் வீட்டு விசேஷங்களுக்கு அவரைப் போலவே செய்த இயந்திர நகல்தான் போய்வந்தது. அதே முகம், அதே குரல். மகள் தாரிகாவின் காதுகுத்தில் வீறிட்டவளைத் தேற்றியதும், பள்ளி ஆண்டுவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதும் அதுதான். நேரத்தை நிர்வகிக்கத் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவார் பூபாலன்.

"கேள்வி ஏதாவது?" என்றார்.

தாரிகா கையைத் தூக்கினாள். "அப்பாவும் வர்றாரா?"

"நான்தானேம்மா வர்றேன்!"

"நீங்க இல்ல, அப்பா." மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த நகலைக் காட்டினாள். "படகுல போனா எனக்கு வாந்தி வரும். அவருக்குத்தான் முதுகத் தடவிவிடத் தெரியும்."

பூபாலனுக்கு முகம் சுண்டியது. அதட்டி வைப்பாள் என்று மனைவி கமலவேணியைப் பார்த்தார்.

"சின்னப் பிள்ள பேச்ச மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கடலைப் பார்த்தாள். "அவருக்குன்னு தனி டிக்கெட் எதுக்குங்க? முகம் ஒண்ணுதானே, உங்க டிக்கெட்லயே வந்துடுவாரு."