வசந்த்குமார் சுவாசித்த காற்று

“என்ற பையன் சட்டையில மாட்டறதுக்கு முன்னால, இது என்னத்தை அளக்குதுன்னு சொல்லிப்போடுங்க அம்மணி.”

கல் உடைக்கும் கிரஷரின் வாசலை மறித்து நின்று கேட்டார் நாச்சிமுத்து. தேயிலை விலை விழுந்து பந்தலூர் எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டும்வரை அங்கே சூப்பர்வைசராக இருந்தவர். வேலை போனாலும் சட்டையில் கஞ்சி போகவில்லை. மகன் வசந்த்குமார் இப்போது இந்தக் கிரஷரில் தினக்கூலி.

ஆய்வுக்காகக் கோவையிலிருந்து வந்திருந்த மனிஷா பொறுமையாக விளக்கினாள். இடுப்பில் சின்ன பம்பு, காலரில் வடிகட்டி. மூக்கருகே இருக்கும் காற்றை நாள் முழுக்க இழுத்து, அதில் கல்தூசி எவ்வளவு என்று காட்டும்.

“ஆளை அளக்காதுங்களா?”

“இல்லீங்கய்யா. காத்தை மட்டுந்தான்.”

அவர் நம்பவில்லை. வசந்த்குமாருக்கு மார்கழியிலிருந்தே இருமல். காசநோய் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு வேறு. அடுத்த வாரம் மகள் சுகந்தியைப் பெண் பார்க்க அன்னூரிலிருந்து வருகிறார்கள். இந்த நேரத்தில் அண்ணன்காரன் பெயருக்கு நேரே ஆய்வுக்கு வந்த இந்தப் பெண் எதையாவது எழுதி வைத்தால்?

போதாததற்கு, முதலாளி லிங்கசாமி விடிந்ததிலிருந்து லாரித் தண்ணீரில் கிரஷரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்றைக்கும் இல்லாத திருநாள். முதலாளி தப்பித்துக்கொள்வார், இருமுகிறவன் தலையில்தான் எல்லாம் விடியும் என்று நாச்சிமுத்துவுக்குப் பட்டது.

காலை டீ நேரத்தில் மகனைத் தனியே அழைத்துப் பேசினார். அவன் முதலில் மறுத்தான். தங்கையின் பெயரை எடுத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். சாயங்காலம் மற்றவர்களின் கருவிகளோடு அவனுடையதும் மனிஷாவிடம் போய்ச் சேர்ந்தது.

அன்னூர்க்காரர்கள் வந்தார்கள், பெண்ணைப் பிடித்துப் போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும்போது மனிஷா மறுபடி வந்தாள், இந்த முறை நேராக வீட்டுக்கே.

“பையனோட கருவியில ஒண்ணும் இருந்திருக்காதே” என்றார் நாச்சிமுத்து, உட்காரச் சொல்லாமல்.

“மத்தவங்க கருவியிலதாங்கய்யா பெருசா ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்தித் தூசியை அடக்கிட்டாங்க. இவரோடதுல மட்டும் அளவுக்கு மேல, ரொம்ப மேல. அன்னைக்கு இவரு எந்த இடத்துல இருந்தார்னு சொல்லுங்க. அங்க தினமும் இருக்கறவங்களுக்கு உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாகணும்.”

நாச்சிமுத்து உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நல்ல காற்றை இழுக்கட்டும் என்று அன்று பகல் முழுக்க அவர் அந்தக் கருவியை மாட்டி வைத்திருந்தது, இந்த வீட்டு உள்ளறையில். கிரஷர் தூசி வாசலில் விழுந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அவர் போட்ட உத்தரவுப்படி, அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுகந்தி தினமும்போல இப்போதும் அண்ணனின் வேலைச் சட்டைகளை உதறிக்கொண்டிருந்தாள்.