எண் போட்ட குமிழ்

தனிஸ்லாஸ் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். பழைய ரேடியோக்களில் கழற்றிய குமிழ்கள் மேசை முழுக்க உருண்டன.

முத்தியால்பேட்டையில் ரேடியோ ரிப்பேர், ஆம்பிளிஃபயர் வாடகை எல்லாம் அவர் கடையில்தான். மெல்லிசைக் குழு நடத்தும் லூயிஸ் அவருடைய தங்கை வீட்டுக்காரர். இங்கே பேசுவது இரவுச் சாப்பாட்டுக்குள் அங்கே போய்விடும்.

கமலவேணிக்கு அது தெரியும். கணவன் வேம்புவை ஒட்டி நின்றுகொண்டு, மேசைமேல் கிடந்த கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான் கிட்டார். யார் யார் கையிலோ இருந்து வேம்புவிடம் வந்தது. லூயிஸ் குழுவில் அவன் வாசிப்பது இதைத்தான். அதன் குமிழ்கள் உடையவில்லை, தேயவுமில்லை. ஆனால் மொட்டையாக, வழவழவென்று இருந்தன. சத்தம் வைக்கும் குமிழில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட்டிருக்க வேண்டும் என்பது வேம்புவின் பிடிவாதம்.

"நம்பர் எதுக்குப்பா? காதால கேட்டு வச்சிக்க வேண்டியதுதான?" தனிஸ்லாஸ் டின்னுக்குள் பார்த்தபடியே கேட்டார்.

கமலவேணி பதில் சொன்னாள்.

"இவரு டிரம்ஸ் பக்கத்துல நிக்கிறாருண்ணா, ஒண்ணும் புரியலயாம். கருவடிக்குப்பம் கச்சேரில பாடறவரு கொரலையே அமுக்கிட்டாருன்னு லூயிஸ் அண்ணன் ரொம்ப கோச்சிக்கிட்டாரு."

மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். ஏற்ற இறக்கம் இல்லை. கொஞ்ச நாளாகவே அவள் குரல் அப்படித்தான்.

பாட்டுக்கு நாலு, தனியாக வாசிக்கும்போது ஏழு, அதற்கு மேல் போகக்கூடாது என்று லூயிஸ் தன் ஆம்பிளிஃபயரில் இருந்த எண்களைத் தொட்டுக் காட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேருக்குக் கச்சேரி. அன்றைக்கும் இப்படி ஆனால் கடலூரிலிருந்து வேறு ஆள் வருவான்.

முதலில் ஒரு பிரெஞ்சு ரேடியோவின் குமிழ். அதன் துளை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கிட்டாரின் தண்டோ உருண்டை. சுற்றிலும் பொடிப் பற்கள், நடுவில் ஒரு பிளவு. உள்ளேயே போகவில்லை.

அடுத்தது சுலபமாகப் போனது. போய், தன்பாட்டுக்குச் சுற்றியது. தனிஸ்லாஸ் தண்டில் சிகரெட் தாளைச் சுற்றி அழுத்தினார். இரண்டு திருகு தாங்கியது. மூன்றாவது திருகில் எண் ஆறுக்கு வந்தது, தண்டு மூன்றிலேயே நின்றது.

வேம்பு குமிழைப் பிடுங்கித் தாளை உருவிக் கீழே போட்டான்.

"நழுவக் கூடாதுண்ணா."

தனிஸ்லாஸ் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து செத்துப்போன டேப் ரிக்கார்டர் ஒன்றை இறக்கினார். அதிலிருந்த குமிழைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்துப் பற்களை எண்ணினார். பதினெட்டு. கிட்டார்த் தண்டில் நகத்தை ஓட்டி எண்ணினார். பதினெட்டு.

"ரெண்டும் ஜப்பான்தான். பல்லுக்குப் பல்லு உக்காந்துக்கும் பாரு."

தண்டைச் சத்தம் குறையும் பக்கமாகக் கடைசிவரை திருகினார். பூஜ்யத்தை மேலே வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். டிக்கென்று உட்கார்ந்தது. அதற்கு நேராகக் கிட்டாரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார்.

சோதித்துப் பார்க்க ஆம்பிளிஃபயரில் ஒயரைச் சொருகினார். இடமில்லாததால் கிட்டாரை ஸ்பீக்கர் மேலேயே சாய்த்து வைத்தார். இரண்டு, நான்கு, ஏழு. கைபோன போக்கில் பத்துக்கே திருகிவிட்டார்.

கிறீச்சென்று தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. நிற்கவே இல்லை. தனிஸ்லாஸ் காதைப் பொத்திக்கொண்டார். வாசலில் ரேடியோவோடு நின்றிருந்த ஆள் தெருவுக்கே இறங்கிவிட்டான்.

வேம்பு குனிந்து, பத்து என்ற எண் வெள்ளைப் புள்ளிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தனிஸ்லாஸின் தலை அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

கமலவேணியின் கைகள் உயர்ந்தன. அவள் தன் காதைப் பொத்தவில்லை. வேம்புவின் இரண்டு காதுகளையும் அழுத்திப் பொத்தினாள்.

ஒரு வழியாக தனிஸ்லாஸ் ஒயரைப் பிடுங்கினார். இருவரையும் பார்த்துச் சிரித்தார். "உன் காது போனா பரவால்லியா? நல்ல பொண்டாட்டிம்மா நீ."

அவளும் சிரித்து வைத்தாள்.

வேம்பு அவர் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்தான். தெருவில் காதைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

பதினோரு வருஷம் மில்லில் காதடைக்கும் இரைச்சலில் தறி ஓட்டியவன் அவன். தை மாதத்தில் ஒரு நாள் அவனுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், தூளியில் பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் திரும்பாமல் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். அடுப்படி வாசலில் நின்று கமலவேணி பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கடையை விட்டுக் கிளம்பும்போது கமலவேணி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தாள். மணிக்கூண்டைத் தாண்டினார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" சாலையைப் பார்த்தபடி கேட்டான்.

"தை மாசத்துலேர்ந்து," என்றாள் அவன் முதுகிடம்.

சைக்கிள் கொஞ்ச தூரம் போனது. பிறகு பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்தினான். ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பி, அவள் உதட்டைப் பார்த்தான்.

கமலவேணி இன்னொரு முறை சொன்னாள்.