மூன்றாவது டப்பா

"கையைக் கழுவிட்டீங்களா டாக்டர்?"

ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே மறித்தார் நோயாளியின் மனைவி. முகத்தில் ஒன்றுக்கு இரண்டு மாஸ்க், கையில் சானிடைசர். அந்த அம்மாவைத் தாண்டி ஒரு கொசுகூட உள்ளே போக முடியாது. நேற்று ஒரே ஒரு தும்மல் போட்ட குற்றத்துக்காகச் சொந்தத் தம்பியையே வந்த லிஃப்டில் திருப்பி அனுப்பியவர்.

டாக்டர் சமர்த்தாகக் கையை நீட்டினார். சானிடைசரை ஊற்றும்போதே அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். "ஃபினாயில் நெடி டாக்டர். தினமும் வீட்டைத் துடைச்சுத் துடைச்சு, ஒரு மாசமா தொண்டை போச்சு."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனசெல்லாம் கையிலிருந்த ரிப்போர்ட்டில் இருந்தது.

கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து எட்டு மாதம். உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். இப்போது பத்து நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பனிமூட்டம். இப்படிப்பட்ட உடம்பில் எந்தக் கிருமி வேண்டுமானாலும் குடிவரும். எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் புதுச் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

கண்டுபிடிக்க இரண்டே வழி. சளியை டப்பாவில் துப்பித் தர வேண்டும், இல்லையென்றால் மூக்கு வழியாக நுரையீரலுக்குள் குழாய் விட வேண்டும். குழாய் என்ற பேச்சை எடுத்தாலே மனுஷனுக்குப் பாதி உயிர் போய்விடும். முதல் இரண்டு டப்பாக்களையும் 'வெறும் எச்சில்' என்று லேப் திருப்பி அனுப்பிவிட்டது. "இன்னும் ஒரு தடவைதான். அப்புறம் குழாய்தான்" என்று டாக்டர் கறாராகச் சொன்ன மறுநாள், முதல் தரமான சளியோடு வந்து சேர்ந்தது மூன்றாவது டப்பா.

"கிருமி மாட்டிக்கிச்சு," என்றார் டாக்டர். ஒரு வாரமாக மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. "காசநோய். குழாய் வேண்டாம். மருந்தை இன்னைக்கே ஆரம்பிக்கறேன். கிட்னி மாத்திரையோட மோதும், கொஞ்சம் ரிஸ்க்தான். ஆனா வேற வழியில்ல."

குழாய் வேண்டாம் என்று கேட்டும் நோயாளி முகம் மலரவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "எவன் கொண்டுவந்து ஒட்டவெச்சான்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கறேனே. தம்பியாத்தான் இருக்கும். இனிமே அவன் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கட்டும், பேசிக்கறேன்."

"யாரையும் திட்டாதீங்கம்மா. வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும். முதல்ல உங்களுக்கு."

"எனக்குத்தான் முந்தாநாளே எடுத்தாச்சே டாக்டர். கூட இருக்கறவங்களும் துப்பித் தரணும்னு நீங்க சொன்னதா இவர்தானே டப்பாவை நீட்டினார்?"

தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்று டாக்டர் யோசித்தார். பிறகு மெதுவாகக் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

நோயாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பயத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. இந்த முறை பயம் குழாயை நினைத்து அல்ல.

"எனக்குக் குழாயே விட்டுடுங்க டாக்டர். அந்த மருந்தை இவளுக்கு ஆரம்பிங்க."