டிரம் இல்லாத பாட்டு

"ஆறு வருஷமா இந்தக் குழுவுக்கு டிரம் அடிக்கிறேன். இப்ப ரெண்டு டேப் மெஷின் போதும்னு முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

ஹார்ட்விக் குச்சிகளைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"போறதுன்னா போ. புதுப் பாட்டை ஒரு தடவை கேட்டுட்டுப் போ," என்றாள் பாடகி மார்லீஸ்.

டேப் சுழன்றது. கொலோன் நகரின் அந்த நிலவறையில் முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு, ரைன் நதியே வாய் திறந்து பாட ஆரம்பித்ததுபோல், தரைக்கடியிலிருந்து ஒரு நாதம் எழுந்தது. வளர்ந்து, சுவரையெல்லாம் அதிரவைத்து, ஒரு மாபெரும் மணியின் ரீங்காரமாகிக் கரைய ஐந்து நிமிடம் ஆயிற்று. ஹார்ட்விக்கின் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. அவன் குரல் தணிந்துவிட்டது.

"எத்தனை மெஷின்டி இது?"

"ஒரு மெஷினும் வாசிக்கல. டிரம் பக்கத்துல தொங்குற வெண்கலத் தட்டுல ஒரே ஒரு அடி. அதை முப்பத்திரண்டு மடங்கு மெதுவா ஓட்டியிருக்கோம்."

"யார் அடிச்சது?"

"போன மாசம் டேப்புல பதிவு பண்ணின கச்சேரியில, பாட்டு முடிஞ்சப்புறம் ஒருத்தன் தப்பா ஒண்ணு தட்டிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னானே..."

ஹார்ட்விக் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அதுக்குத்தான அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டின?"

"ஆமா," என்றாள் மார்லீஸ். "அன்னிக்கு அதை ரொம்ப வேகமாக் கேட்டுட்டேன்."