பதினோராவது நிமிடம்

கால்பந்தாட்டத்தின் பதினோராவது நிமிடத்தில் மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டுகிறது. ஒரு காலத்தில் இந்த அணிக்காகப் பதினொன்றாம் எண் சட்டையோடு இடது ஓரத்தில் ஓடி ஓடி ஆடிய வால்டர் ஆக்டன் போன வாரம் இறந்துபோனார். இந்தக் கைதட்டல் அவருக்கு. தூறல் விளக்கு வெளிச்சத்தில் மாவுபோல இறங்குகிறது. டோரீன் தேநீர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு எழுவதற்குள் அவள் கணவர் கிளிஃப் எழுந்துவிட்டார். வால்டர் தூக்கிக் கொடுத்த பந்துகளைத் தலையால் முட்டி முட்டியே கோல் போட்டுப் பேர் வாங்கியவர். அவனுடைய சாவுச் செய்தியை இன்று காலையும் டோரீன் சொன்னதும் தேம்பி அழுதார், இப்போதெல்லாம் எதுவும் நினைவில் தங்காததால் மத்தியானத்துக்குள் மறந்துவிட்டார். இப்போது முகமெல்லாம் பூரிப்பு. கோல் போட்ட நாட்களைப் போலவே வலக்கையை உயர்த்தி நாலு பக்கமும் ஆட்டுகிறார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார், இன்னும் பலமாகத் தட்டுகிறார்.

“ஜனங்க நம்மள மறக்கல, பாத்தியா டோரீன்?”

“எப்படி மறப்பாங்க, கண்ணு?” அவருடைய சில்லிட்ட இடக்கையை அவள் பற்றிக்கொள்கிறாள்.

கைதட்டல் ஓய்கிறது. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கிளிஃப் நிற்கிறார். உயர்த்திய கை மெல்ல இறங்கி, இடது ஓரத்தில் ஆளில்லாமல் நனையும் புல்லை நோக்கி விரல் நீட்டுகிறது.

“எனக்கு மட்டும் தட்டினா எப்படி? பந்தக் குடுத்தவன் அங்க நிக்கிறான் பாரு. அவனுக்கும் தட்டச் சொல்லு.”